மாடக்கண்ணு காலில் முள்

மேலகரம் மாடக்கண்ணுவுக்குக் கோபம் வருவதை ஊரில் எல்லோரும் அவனுக்கு முந்தியே கண்டுபிடித்துவிடுவார்கள். முதலில் காது மடல் இரண்டும் சிவக்கும். அப்புறம் பேச்சு நின்றுபோகும். பேச்சு நின்றால் கை புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். தென்காசி ரயிலடி வண்டிப்பேட்டையில் அவனோடு வண்டி நிறுத்துகிறவர்கள், "ஏலே, காதப் பாரு, காதப் பாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். மற்ற நேரத்தில் அவனைப் போல ஒரு மனுஷன் கிடையாது. ரயிலை விட்டு இறங்குகிற வயசானவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்து வில்வண்டியில் ஏற்றுவான். குற்றாலம் போய்ச் சேருகிற வரை வழியில் நிற்கிற ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை வைத்திருப்பான். மாட்டை அடிக்கவே மாட்டான். நாக்கைச் சப்புக்கொட்டினால் போதும், இரண்டும் ஓட்டம் பிடிக்கும்.

அப்படிப்பட்டவன்தான் பெண்டாட்டியின் கையை ஒடித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று, ஆனி மாதம். சாரல் பிடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. விடிந்ததிலிருந்து நாலு நடை போய்வந்துவிட்டு, உச்சிப்பொழுதுக்கு வயிறு காந்த வீட்டுக்கு வந்தான். அடுப்பு எரியவில்லை. ஆவுடைத்தாய் இரண்டு வயசு மகள் செண்பகவல்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள்.

"இன்னுமா ஒல கொதிக்கல?"

"வெறகு நனைஞ்சு கெடக்கு. மழைய நானா பெய்யச் சொன்னேன்?"

வேறொரு நாளாக இருந்தால் அவனே சிரித்திருப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கையில் சாட்டைக்கம்பு இருந்தது. அது எப்போது உயர்ந்தது, எப்போது இறங்கியது என்று பிற்பாடு எத்தனை தடவை யோசித்துப் பார்த்தும் அவனுக்குப் பிடிபடவில்லை. பிள்ளையின் தலைக்கு மேல் ஆவுடைத்தாய் வலது கையைக் குறுக்கே நீட்டினாள். மணிக்கட்டில் காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது.

அவனேதான் அவளைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்து எலும்பு கட்டுகிற வைத்தியரிடம் கொண்டுபோனான். வழியெல்லாம் அழுதான். அழுததைப் பார்த்து வண்டிப்பேட்டையில் இரண்டு பேர், "பாவம்லே" என்றுகூடச் சொன்னார்கள். கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. உலக்கை பிடிக்க வராது, குடம் தூக்க வராது.

கட்டுப் பிரித்த மூன்றாம் நாள் கீழப்பாவூரிலிருந்து மாமனார் வல்லிநாயகம் சொந்த வண்டி கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை. தெருவிலேயே நின்று மகளையும் பேத்தியையும் வண்டியில் ஏற்றினார். மேலகரத்துப் பெரிய ஆட்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"மாமா, இனிமே கை வைக்க மாட்டேன். சத்தியமா" என்றான் மாடக்கண்ணு.

"போன வருசமும் இதே சத்தியத்தத்தான் வச்சீரு, மாப்ளே. அன்னைக்கு அவ முதுகுல தடம். இன்னைக்குக் கை. அடுத்த தடவ வரும்போது நான் பாடை கட்டிக்கிட்டு வரணுமா?"

கூடியிருந்தவர்களில் ஒருவர் நடுவில் புகுந்தார். "அண்ணாச்சி, பய கெட்டவனில்ல. பித்தம் தலைக்கு ஏறி நிக்கி. பைத்தியத்துக்கே அருவியில நிப்பாட்டுனா தெளியுதே. ஒரு மண்டலம் எண்ணெய் தேச்சு அருவியில நிக்கட்டும். நாங்க பாத்துச் சொல்லுதோம்."

வல்லிநாயகம் கொஞ்ச நேரம் மருமகனின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்தெட்டு நாளு. ஊரு சாட்சி சொன்னா அனுப்புதேன். இல்லன்னா என் மக என் வீட்டுலதான் இருப்பா."

வண்டி கிளம்பியது. ஆவுடைத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைதான் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து மாடக்கண்ணுவுக்கு இந்த உலகத்தில் ஒரே காரியம்தான். இந்தக் கையை அடக்க வேண்டும். அடக்கினால் வீட்டில் அடுப்பு எரியும். அடக்காவிட்டால் இல்லை.

படித்தவர்கள் கோபத்தைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதிவைத்திருக்கிறார்கள். மாடக்கண்ணுவுக்குக் கைநாட்டுத்தான். ஆனால் அந்த நாற்பத்தெட்டு நாளில் அவன் தன் கோபத்தை வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் பிடித்துப் பார்த்தான்.

அருவியிலிருந்து ஆரம்பித்தான். கிழக்கு வெளுக்கும்போது உச்சந்தலையில் கை நிறைய நல்லெண்ணெய் அப்பிக்கொண்டு பேரருவிக்குப் போய்விடுவான். சீசனுக்கு வந்தவர்கள் ஒரு பக்கம் குளித்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பக்கம் சங்கிலியோடு கொண்டுவரப்பட்டவர்கள். தூர தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் புத்தி பிசகியவர்களைச் சொந்தக்காரர்கள் கூட்டிவந்து, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, விழுகிற தண்ணீருக்குள் தள்ளி நிறுத்துவார்கள். சிலர் அலறுவார்கள். சிலர் சிரிப்பார்கள். ஒரு மண்டலம் கணக்குச் சொல்லி வந்த மாடக்கண்ணுவுக்கும் அந்தப் பக்கமே இடம் கிடைத்தது.

இரண்டாம் நாள் பக்கத்தில் ஒருத்தன் சங்கிலியோடு நின்றான். அவனைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி சங்கரன்கோவில் பக்கத்து ஆள். மாடக்கண்ணுவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஒங்க கூட வந்தவுக எங்க?"

"நான் தனியாத்தான் வந்தேன்."

"தனியா வந்தா எப்படி? ஒம்ம யாரு புடிப்பா?"

அந்தக் கேள்வி மாடக்கண்ணுவின் நெஞ்சில் போய்த் தைத்தது. தண்ணீருக்குள் தலையைக் கொடுத்தான். மேலிருந்து விழுகிற தண்ணீர் தலையில் சம்மட்டியாக இறங்கியது. அந்த இரைச்சலுக்குள் ஆவுடைத்தாய் இல்லை, வல்லிநாயகம் இல்லை, தான் என்ற ஒருத்தனே இல்லை. வெளியே வந்தால் இரவல் தலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல் லேசாக இருந்தது. 'இதுதான் மருந்து' என்று முடிவுகட்டினான்.

ஒன்பதாம் நாள், குளித்த தலையோடு வண்டியில் ஏறித் தென்காசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். எதிரே வந்த மோட்டார் கார்க்காரன் குழலை அமுக்கினான். இடத்து மாடு மிரண்டு சக்கரத்தை வாய்க்கால் கரைக்கு இழுத்துவிட்டது. மாடக்கண்ணு இறங்கினான் என்பது மட்டும் தெரியும். அடுத்து அவனுக்குப் புத்தி வந்தபோது டிரைவரின் சட்டைக் கழுத்து இவன் பிடிக்குள் இருந்தது. தன் தலைமயிரிலிருந்து அருவித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்த ஆளின் நெஞ்சில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டான். தலை குளிர்ந்துதான் இருந்தது. கைக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அருவிக்குள் நிற்கிற வரைக்கும் நல்ல மருந்து. ஆனால் கோபம் வருகிற இடத்துக்கு அருவியைத் தூக்கிக்கொண்டா போக முடியும்?

அடுத்த மருந்தைச் சுடலையாண்டி சொன்னான். வண்டிப்பேட்டையில் பக்கத்து வண்டிக்காரன்; வாயாடி.

"ஏலே, கோவத்த உள்ள வச்சுப் பூட்டுனா அது வேற பக்கம் ஒடைச்சுக்கிட்டுத்தான் வரும். எங்க வீட்டுப் பொறத்தால ஒரு புளியமரத்து முண்டு கெடக்கு. வார கோவத்தையெல்லாம் அதுல போடு. எம் பெண்டாட்டிக்கு வெறகும் ஆச்சு, ஒனக்குப் புண்ணியமும் ஆச்சு."

மாடக்கண்ணு கோடரியை எடுத்தான். முதல் இரண்டு நாள் சுகமாக இருந்தது. தோள் வலிக்க வலிக்க நெஞ்சுக்குள் ஏதோ இறங்குவதுபோல் இருந்தது. சுடலையாண்டியின் பெண்டாட்டி மோர் கொண்டுவந்து கொடுத்து, "இன்னும் நாலு கோவக்காரங்க கெடைச்சா எங்க வீட்டுல வருசத்துக்கும் வெறகு வாங்க வேண்டாம்" என்றாள். ஆனால் ஒரு வாரத்தில் அவனுக்கு ஒன்று புலப்பட்டது. முண்டுக்கு முகம் முளைத்துவிட்டது. முதலில் அந்தக் கார்க்காரன் முகம். அப்புறம் வல்லிநாயகத்தின் முகம். ஒரு சாயங்காலம் கோடரியை ஓங்கினால், ஈர விறகை ஊதிக்கொண்டு ஆவுடைத்தாய் அங்கே இருந்தாள். ஓங்கிய கோடரி நிற்கவில்லை. இறங்கிவிட்டது.

கோடரியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மாட்டை அவிழ்த்துக் கட்டினான். வலத்து மாடு காலை மாற்றி வைக்கையில் அவன் பெருவிரலை மிதித்துவிட்டது. கையில் கிடைத்த கட்டையால் அடித்தான். அது முழங்காலை மடக்கி மண்ணில் சாய்கிற வரைக்கும் அடித்தான். பதினோரு வருஷம் வண்டி ஓட்டியதில் மாட்டின் மேல் கை வைத்தது அதுதான் முதல் தடவை. மாட்டின் வாயில் நுரையைப் பார்த்தபடி அவன் நினைத்தான்: மரத்தை வெட்டி நான் கோபத்தைத் தீர்க்கவில்லை. கைக்குப் பழக்கம் கொடுத்திருக்கிறேன்.

அதன்பிறகு இசக்கியம்மன் கோவிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வாயைத் திறப்பதில்லை என்று விரதம் இருந்தான். ஒன்பது நாள் இருந்தான். யார் என்ன சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினான். விழுங்கியதெல்லாம் வயிற்றில் கல்லாகச் சேர்ந்தது, சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்து கையோடு வந்தது. அதோடு கயிற்றை அறுத்துவிட்டான்.

மண்டலத்தில் முப்பது நாள் போய்விட்டது. ஊரார் கண்ணில் அவன் சாந்தமாகிவிட்டான். அவனுக்கு மட்டும் தெரியும், ஒரு மயிரும் மாறவில்லை என்று.

வண்டிப்பேட்டையில் மாட்டுக்குப் புல்லுக்கட்டு விற்பவள் அலிமா. அவன் வயசுதான் இருக்கும். புருஷன் கொழும்புக்குப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு புல் அறுத்துப் பிழைத்தாள். ஒரு நாள் கட்டைப் பிரித்தால் உள்ளே அழுகல். மாடக்கண்ணுவின் காது சிவந்துவிட்டது.

"ஏம்மா, என் மாட்டக் கொல்லப் பாக்கியா? கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

அலிமா நின்ற இடத்திலேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தவளிடம் என்ன சண்டை போடுவது?

"என்ன, மயக்கம் கியக்கமா?"

"இல்ல அண்ணாச்சி. எனக்கும் கோவம் வந்துருச்சு. அதான் உக்காந்தேன்."

"கோவம் வந்தா உக்காருவாகளா?"

"எங்க வாப்பா பழக்குனது. நின்னுக்கிட்டு இருக்கும்போது கோவம் வந்தா உக்காந்துரணும். உக்காந்தும் அடங்கலன்னா படுத்துரணும். எந்திரிச்சுப் போயி மூஞ்சி கை கால் கழுவணும். அம்புட்டுத்தான்." பிறகு கொஞ்சம் சிரித்தாள். "எம் புருசன் கொழும்புல ரெண்டாங் கல்யாணம் பண்ணுன சேதி வந்த அன்னைக்கு நான் பகல் பூராவும் படுத்தே கெடந்தேன். இல்லன்னா என் பிள்ளைகளத்தான் அடிச்சிருப்பேன்."

"பொம்பளைக்குச் சரி. ஆம்பள நடுரோட்டுல உக்கார முடியுமா?"

"உக்காந்திருக்கவன் கை எட்டாது அண்ணாச்சி. அதுல ஆம்பளையென்ன, பொம்பளையென்ன?"

மறுநாள் தொழுவத்தில், யாரும் இல்லாத நேரத்தில், வல்லிநாயகம் பேசியதையெல்லாம் வேண்டுமென்றே நினைத்துப் பார்த்தான். காது சுட்டது. சட்டென்று சாணித் தரையில் உட்கார்ந்தான். நெஞ்சு அடித்துக்கொண்டதே தவிர கை எழும்பவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அடிக்க வேண்டுமென்றால் முதலில் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கலாமா என்று கேட்பதற்குள் பாதி வேகம் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்துப் பேட்டையில் சுடலையாண்டி, "என்ன மாடக்கண்ணு, மாமனாரு வண்டி எப்ப வரும்? பாடையோடயா, பொண்டாட்டியோடயா?" என்று வாய்விட்டான். மாடக்கண்ணு உட்கார்ந்தான். நட்டநடு வெயிலில், பத்துப் பேர் பார்க்க. அங்கிருந்து பார்த்தால் முகம் ஒன்றும் தெரியவில்லை. கால்கள்தான் தெரிந்தன. சுடலையாண்டியின் கால் வெடித்துப்போய், ஒரு விரலில் நகமில்லாமல் இருந்தது. முகத்தைப் பார்த்து வந்த கோபம் காலைப் பார்த்ததும் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது.

அதற்குள் சிரிப்புக் கிளம்பிவிட்டது. "ஏலே, பிள்ளத்தாச்சி கணக்கா உக்காந்துட்டாம்லே!" "இடுப்பு வலி வந்துருச்சோ?" "எதுக்க நிக்கவனப் பாத்து ஆம்பள உக்காருததப் பாத்தியா!" அடிக்கிற ஆளைப் பார்த்துப் பயந்தவர்கள் உட்கார்ந்த ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள். கையை அடக்கிவிட்டான். இந்தச் சிரிப்பை அடக்க அவனிடம் மருந்து இல்லை. எதிரி நிற்கும்போது உட்கார்ந்தவன் தோற்றவன். அவன் பிறந்த தெருவில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

அதனால் ஒரு தந்திரம் பண்ணினான். காது சுட்டால் காலைத் தூக்கிப் பார்த்து, "த்சு, முள்ளு" என்பான். குந்தி உட்கார்ந்து, இல்லாத முள்ளைத் தேடித் தேடி எடுப்பான். சில நேரம் சக்கரத்துக் கடையாணியைப் பார்ப்பதுபோல் வண்டிக்கடியில் குனிந்துகொள்வான். ஒருவரும் சிரிக்கவில்லை. மருந்தும் வேலை செய்தது. அலிமாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது.

"அண்ணாச்சி, முள்ளுன்னு எங்ககிட்டச் சொல்லும். வீட்டுல வந்ததும் அவுககிட்ட நெசத்தச் சொல்லிரும். கூட இருக்கவுகளுக்குத் தெரியாட்டா வெனையாப் போகும்."

"சொல்லுதேன், சொல்லுதேன்."

நாற்பத்தெட்டாம் நாள் பேரருவியில் கடைசி முழுக்குப் போட்டான். மேலகரத்துப் பெரியவர்கள் கீழப்பாவூருக்குப் போய்ச் சாட்சி சொன்னார்கள். "அருவித் தண்ணிக்கு அடங்காத பித்தம் உண்டா அண்ணாச்சி? பய பசுவாயிட்டான்." மாடக்கண்ணுவும் கூடவே நின்றிருந்தான். 'அருவி இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு புல்லுக்காரி சொல்லிக் கொடுத்தாள், கோபம் வந்தால் நான் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று மாமனாரிடம் எப்படிச் சொல்வது? அருவி என்றால் கௌரவம்.

ஆவணியில் ஆவுடைத்தாய் வந்தாள். ஒன்பது மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இடது கையாலேயே குடம் தூக்கப் பழகிக்கொண்டாள். முதல் மாதமெல்லாம் அவன் குரல் கொஞ்சம் ஏறினாலும் பிள்ளையைத் தூக்கி மறைத்துக்கொள்வாள். பிறகு அது குறைந்தது. ஒரு நாள் அவன் வாசலில் குந்திக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள்.

"அப்படி என்னதான் ஒம்ம காலுல? ஊருல உள்ள முள்ளு பூராவும் ஒம்மத்தான் தேடி வருதா?"

"வண்டிக்காரன் காலு அப்படித்தான்."

"கொண்டாரும், நான் பாக்கேன்."

அவள் காலை மடியில் எடுத்துவைத்து, கோணல் கையால் எண்ணெய் போட்டுத் தடவினாள். முள் இல்லை. "ஒண்ணையும் காணோமே" என்று அண்ணாந்து அவனைப் பார்த்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "உள்ள போயிருக்கும்" என்று சொல்லிவிட்டான்.

வைகாசியில் கீழப்பாவூரில் மகளுக்குக் காதுகுத்து. ஆவுடைத்தாயும் பிள்ளையும் முந்தின நாளே போய்விட்டார்கள். மாடக்கண்ணு விடியற்காலையில் வண்டி கட்டினான். பாதி வழியில் சக்கரத்துப் பட்டை கழன்று, கொல்லனைத் தேடி அதை ஏற்றிக்கொண்டு போய்ச் சேருகையில் நல்ல நேரம் தாண்டிவிட்டது. பிள்ளைக்குக் காது குத்தியாகிவிட்டது. அழுது ஓய்ந்து தாய்மாமன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

முற்றம் சாணி தெளித்து, கோலம் போட்டு, முள்ளோ கல்லோ இல்லாமல் கண்ணாடியாக இருந்தது. கூட்டம் நிறைந்திருந்தது. வாசலில் ஆவுடைத்தாய் கால் கழுவத் தண்ணீர் நிறைந்த பித்தளைச் செம்பை அவன் கையில் கொடுத்தாள். பெரிய செம்பு, கனமானது. அதை வாங்கிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தான்.

வல்லிநாயகம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "வாரும் மாப்ளே. பெத்த பிள்ளைக்குக் காது குத்துதத விட ஊரான் சவாரி பெருசாப் போச்சா?"

"இல்ல மாமா, சக்கரப் பட்டை…"

"பட்டை கழண்டுச்சோ, புத்தி கழண்டுச்சோ. இன்னும் நாலு நாளு அருவியில நிப்பாட்டிருக்கணும்!"

முற்றமே சிரித்தது. மாடக்கண்ணுவின் காது நெருப்பாகச் சுட்டது. காலைத் தூக்கி முள் என்று சொல்ல அந்த முற்றத்தில் வழியில்லை. சாக்கு யோசிக்கவும் நேரமில்லை. செம்பும் கையுமாகக் கோலத்துக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தலையைத் தொங்கப்போட்டு எதிரில் இருந்த கால்களைப் பார்த்தான். ஒவ்வொரு காலாகப் பார்த்தான். மெட்டி போட்ட கால், சேறு காய்ந்த கால், சின்னப் பிள்ளையின் கால். நெஞ்சு இறங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஐந்தாறு மூச்சு விட்டிருந்தால் போதும்.

ஆனால் அந்தப் பக்கத்தில் வெறுந்தரையில் ஆண்கள் உட்காருவது எழவு வீட்டில்தான். நல்ல காரியத்துக்கு வந்த மருமகனுக்கு ஜமுக்காளம் விரித்துவைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தால், இந்த வீட்டில் சாவு விழட்டும் என்று சொன்னதாகத்தான் அர்த்தம். சிரிப்பு நின்றது. பொம்பளைகள் வாயைப் பொத்தினார்கள். வல்லிநாயகத்தின் முகம் கறுத்தது.

ஆவுடைத்தாய் ஓடி வந்தாள். "ஐயோ, என்ன காரியம் செய்தீரு! நல்ல நாளும் அதுவுமா எழவு வீட்டுல உக்காந்த மாதிரி… எந்திரியும்! எல்லாரும் பாக்காக, எந்திரியும்!" அவனுடைய இடது கக்கத்தில் கை கொடுத்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தூக்கினாள்.

"விடு" என்றான். அவள் விடவில்லை. எழுந்துவிட்டான். எழுந்ததும் கால்கள் மறைந்து முகங்கள் வந்தன. அத்தனை முகமும் ஒரே நேரத்தில் வந்தன. வலது கையில் செம்பு இருந்தது.

ஆவுடைத்தாயின் இடது கண் அன்றைக்குப் போயிற்று.

இருபது நாள் கழித்து, கண்ணுக்குக் கட்டுப் போட்டபடி அவள் வந்து உட்கார, இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடினார்கள். மாடக்கண்ணு எல்லாவற்றையும் அங்கேதான் சொன்னான். அருவி பலிக்காததை, முண்டை வெட்டியதை, பல் பிளந்ததை, அலிமாவை, முள்ளை. "நான் உக்காந்துட்டேன். அவதான் என்னயத் தூக்குனா" என்று முடித்தான்.

ஒருவர் இருமினார். ஒருவர் சிரிப்பை அடக்க மேல்துண்டால் வாயைத் துடைத்தார். வல்லிநாயகம் மட்டும், "உக்காந்தவன் உக்காந்தே இருக்கவேண்டியதுதானலே?" என்றார். அன்றைக்குத்தான் மருமகன் என்ற மரியாதை விட்டு அவர் வாயில் முதல்முதலாக 'லே' வந்தது.

ஆவுடைத்தாய் அதுவரை குனிந்திருந்தாள். இப்போது நிமிர்ந்து, மிச்சமிருந்த கண்ணால் அவனைப் பார்த்தாள்.

"அப்ப, காலுல முள்ளே கெடையாது?"

"கெடையாது."

"நான் எண்ணெய் போட்டுத் தடவுன அன்னைக்கும்?"

"கெடையாது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் பக்கத்துல வந்திருப்பனா? உக்காந்தவர ஒருத்தரும் தொடாதிகன்னு நானே காவலுக்கு நின்னுருப்பனே. ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"ஒம்ம வெக்கத்துக்கு என் கண்ணா?" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். உறவைத் தீர்த்துவிடலாம் என்றோ சேர்த்துவைக்கலாம் என்றோ பேசாமலே கூட்டம் கலைந்தது.

மாடக்கண்ணு மேலகரத்தில் தனியாக இருந்தான். இப்போது கோபம் வந்தால் பேட்டையில் எல்லோரும் பார்க்கவே உட்கார்ந்தான். சிரித்தார்கள், அப்புறம் சிரித்துச் சலித்துவிட்டார்கள். பதின்மூன்று வருஷத்தில் அவன் கை ஒருவர் மேலும் படவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரியும். கை எட்டுகிற தூரத்தில் அவனுக்கென்று யாரும் இல்லை.

யுத்தம் முடிகிற வருஷம், சித்திரை வெயிலில், வண்டிப்பேட்டைக்கு ஆவுடைத்தாய் வந்தாள். வல்லிநாயகம் செத்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவள் மாட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். மாடு நடுவில் நின்றது.

"செண்பகத்துக்கு மாப்ள பாத்திருக்கு."

"நல்லது."

"பேரு பால்வண்ணநாதன். கரி போட்டு ஓட்டுத பஸ்ஸுல கண்டக்டரா இருக்காரு. தென்காசியிலதான் வீடு. தங்கமான பையன்னு எல்லாரும் சொல்லுதாக. வெத்தலபாக்கு மாத்தியாச்சு. கோவக்காரரான்னு கேட்டேன். கேக்குத கேள்வியா இதுன்னு என் தம்பி வையுதான். நீரு போயி ஒரு தடவ பாத்துட்டு வாரும்."

"நானா? நான் என்னத்தப் பாக்க?"

"ஒமக்குத்தான் தெரியும்" என்றாள். அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டாள்.

மூன்று நாள் மாடக்கண்ணு அந்தப் பையன் வேலை பார்க்கிற செங்கோட்டை பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றான். பையன் உண்மையிலேயே தங்கமாகத்தான் இருந்தான். ஒரு பயணி அவன் மேலேயே வெற்றிலைச் சாற்றைத் துப்பினான், சிரித்துக்கொண்டே துடைத்தான். இன்னொருத்தன் ஆத்தாளை இழுத்து வைதான், அதற்கும் சிரித்தான். காது சிவக்கவே இல்லை. மூன்றாம் நாள் பஸ் நின்றதும் மாடக்கண்ணு பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவனோடு வீடு வரைக்கும் நடந்தான். தான் யார் என்று சொன்னான். பையன் மரியாதையாக உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"ஏ தம்பி, ஒனக்குக் கோவம் வந்தா என்ன செய்வே?"

"எனக்குக் கோவமே வராது, மாமா" என்று சிரித்தான். பிறகு உள்பக்கம் திரும்பி, "தண்ணி" என்றான். ஒரே வார்த்தை. சத்தம்கூட உயரவில்லை.

அவனுடைய தாயார் இரண்டு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மாடக்கண்ணுவின் கையில் ஒன்றைக் கொடுத்தாள். மகனுடைய செம்பைக் கையில் கொடுக்கவில்லை. எட்டிக் குனிந்து அவன் பக்கத்துத் தரையில் வைத்துவிட்டு, சட்டென்று இரண்டடி பின்னால் போய் நின்றாள். கை எட்டாத இடத்தில். அவளாக யோசித்துச் செய்ததாகவே தெரியவில்லை, பழகிப்போன கால். மாடக்கண்ணு தண்ணீரைக் குடிக்காமலே செம்பைக் கீழே வைத்தான்.

மறுநாள் கீழப்பாவூர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டான்.

"வேண்டாம்."

"என்ன பாத்தீரு?"

"செம்ப எட்டி வச்சுட்டுப் பின்னால போறா, அவன் ஆத்தா."

ஆவுடைத்தாய் வேறொன்றும் கேட்கவில்லை. தம்பி குதித்தான், ஊர் பேசியது, மாப்பிள்ளை வீட்டார் வந்து தெருவில் நின்று கத்தினார்கள். அவள் அன்றைக்கே வெற்றிலை பாக்கைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஆவணியில் வேறு இடத்தில் செண்பகவல்லிக்குக் கல்யாணம் நடந்தது. மாடக்கண்ணுவுக்குச் சொல்லிவிடவில்லை. கல்யாணத்தன்று காலையில் பேட்டையில் இரண்டு மூன்று பேர் அவனிடம், "மக கல்யாணத்துக்குப் போகலியா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள்.

"சீசன் நேரம். வண்டிய விட்டுட்டு எங்கன போக?" என்று சொல்லிவிட்டு, ரயிலிலிருந்து இறங்கிய ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் புறப்பட்டான்.